எஞ்சின் கிடைத்துவிட்டது, வயரிங்?

கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி சாலையில் கோவைப் பக்கம் வந்து, கிழக்கே ஒதுங்கினால் செட்டிபாளையம். அங்கே 2003 முதல் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கியது. மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிக்குள் வைத்து, ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்டவர் அவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த எஞ்சின் கார்புரேட்டர் எஞ்சின். அதை உறும வைக்க வேண்டிய மின்சார வேலை மிகச் சொற்பம்: காயிலுக்கு ஒரு கம்பி, ஸ்டார்ட்டருக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு இரண்டோ மூன்றோ, ஆயில் விளக்கு, வெப்பமானி. சுமாரான எலக்ட்ரீசியனே ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடுவார்.

அதே தளத்தில் இப்போது ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி நடக்கிறது. நாடெங்கிலுமிருந்து பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய சிறு பந்தய வண்டிகளோடு வருகிறார்கள். பெட்ரோல் வண்டிகளில் பலவற்றுக்கு உள்ளே இருப்பது கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். ஒரு வண்டிக்காகப் பிறந்த எஞ்சினை இன்னொரு வண்டிக்குள் வைக்கும் வேலை என்ற வகையில் கரிவர்தன் செய்ததும் இவர்கள் செய்வதும் ஒன்றுதான். ஆனால் இடையில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எஞ்சினை ஃப்ரேமில் உட்கார வைப்பது ஒரு வாரம் என்றால், வயரிங் ஒரு மாதத்தைத் தின்னும்.

ஊர்ப் பட்டறைகளில் கதை இன்னும் பழக்கமானது. பழைய கார்புரேட்டர் ஜிப்சிக்கு எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஏற்ற வேண்டும் என்று போனால், பேச்சு முழுக்க எஞ்சினைச் சுற்றியே ஓடும். கம்ப்ரெஷன் எப்படி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மவுண்டிங் பொருந்துமா. கடைசியில், “வயரிங் எப்படிங்ணா?” என்று கேட்டால், “எஞ்சின் உக்காரட்டுங்க தம்பி, அப்புறம் பாத்துக்கலாமுங்க” என்று பதில் வரும். பாதியில் நின்று தார்ப்பாய் போர்த்தப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை இந்தப் “பாத்துக்கலா”மில் நின்றவை. என் கட்சி இதற்கு நேர் எதிரானது. எந்த வயரிங்கும், எஞ்சினை ஆளும் கணினியான எந்த ஈசிஎம்மும் முழுசாகக் கைக்கு வரும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பொருந்துகிற எஞ்சினை வாங்க வேண்டும்.

வயரிங் இவ்வளவு பெரிய விஷயமான வரலாறு நீளமில்லை. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்தில் புதிய கார்கள் யூரோ தரத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டிலேயே நாடு முழுக்க மாசு விதி இறுகியது. எஸ்டீம், ஸென், மாருதி 800 எல்லாம் வரிசையாக எம்பிஎஃப்ஐக்கு மாறின. 1985இல் 970 சிசியோடு வந்து, 1996இல் 1298 சிசி ‘கிங்’ ஆன ஜிப்சி, 2000இல் இன்ஜெக்‌ஷன் பெற்று 80 குதிரைத்திறனைத் தொட்டது. இருசக்கர வாகனங்களில் இந்த மாற்றம் முழுமையானது 2020 ஏப்ரல் 1இல், பிஎஸ்-6 வந்தபோது.

இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்குத் தானாக எதுவும் தெரியாது. எப்போது, எவ்வளவு நேரம் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும் என்பதை ஈசிஎம்தான் கணக்குப் போடுகிறது. கிராங்க் எங்கே நிற்கிறது, மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, தண்ணீரும் காற்றும் எவ்வளவு சூடு, புகையில் ஆக்ஸிஜன் மிச்சமா என்று ஒவ்வொரு சென்சாரும் சொல்வதைக் கொண்டுபோவது வயரிங். சாவி போட்டிருக்கும்வரை இன்ஜெக்டருக்கு 12 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். ஈசிஎம் திறந்து மூடுவது எர்த் பக்கத்தை. சென்சார்களில் பலவற்றுக்கு 5 வோல்ட் ஒரே பொதுக் கம்பியில் போகிறது. ஒரு சென்சாரில் அது ஷார்ட் ஆனால், சம்பந்தமே இல்லாத மற்ற சென்சார்களும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். த்ராட்டில் சென்சாரை மாற்றினேன், மேப் சென்சாரை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கம்பியைப் பார்த்திருக்க மாட்டார்கள். எர்த்திலும் இரண்டு உண்டு. எஞ்சின் பிளாக்கில் இறங்கும் கனமான எர்த் வேறு. ஈசிஎம்முக்கே திரும்பிப் போகும் சென்சார் எர்த் வேறு. ‘எல்லாம் எர்த்துதானே’ என்று இரண்டையும் பாடியில் ஒரே போல்ட்டில் இறுக்கினால், ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் சென்சார் கணக்கு தடுமாறும்.

ஆக, தேர்வு என்று வரும்போது முன்னால் இருக்கும் வழிகள் சில. எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த ‘டோனர்’ வண்டியின் வயரிங்கை முழுசாக எடுத்து வைப்பது ஒன்று. அதையே குறைத்து, வேண்டாததை நீக்கிப் பயன்படுத்துவது இன்னொன்று. பழைய ஈசிஎம்மைத் தூக்கிப்போட்டுவிட்டு, பெட்ரோல் கணக்கின் மேப்பை நாமே எழுதக்கூடிய தனி ஈசியூவும் அதற்கான வயரிங்கும் வாங்குவது மூன்றாவது. வெறும் கம்பி, கப்ளர், டெர்மினல் வாங்கி அடியிலிருந்து கட்டுவது கடைசி. கடையில் ரெடிமேடாகக் கிடைக்குமே என்பவர்கள் அமெரிக்க யூட்யூப் அதிகம் பார்த்தவர்கள்.

அமெரிக்காவில் அது நிஜமாகவே கிடைக்கிறது. 1997 கார்வெட்டில் அறிமுகமான ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 எஞ்சின் அங்கே கைக்கு வந்த வண்டியிலெல்லாம் ஏறியிருக்கிறது. அதற்கென்றே தனி வயரிங் செய்து விற்கும் பெயின்லெஸ், ஹோலி போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கேகூட வாங்குபவனிடம் கேட்கும் முதல் கேள்வி எஞ்சின் எந்த ஆண்டு என்பதுதான். எல்எஸ்ஸின் முதல் தலைமுறை கிராங்க் சக்கரத்தில் 24 அடையாளங்கள். அடுத்த தலைமுறையில் பெரும்பாலும் 58. இரண்டும் மாறிப்போனால் ஈசிஎம்முக்குக் கிராங்க் எங்கே நிற்கிறது என்றே புரியாது. அடுத்த கேள்வி, த்ராட்டிலை இழுப்பது கேபிளா, மின் மோட்டாரா? மோட்டார் என்றால் ஆக்ஸிலரேட்டர் பெடலும் அதே செட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இத்தனை பெரிய சந்தை இருந்தும், ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று ஒரு வயரிங் அங்கேயும் இல்லை. நம் ஊர் எஞ்சின்களுக்கு அப்படியொரு சந்தையே உருவாகவில்லை. ‘யுனிவர்சல்’ என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால் நான் விலைகூடக் கேட்பதில்லை.

நம் பக்கம் உருப்படியாக நடக்கக்கூடியது டோனர் வண்டியின் வயரிங்தான். அதில் நிதானமாகப் பார்க்க வேண்டியது நிறைய. கார்புரேட்டர் ஜிப்சிக்கு இயல்பாகக் கண்ணில் படுவது இரண்டு எஞ்சின்கள்: எம்பிஎஃப்ஐ ஜிப்சியின் எஞ்சின், எஸ்டீமின் எஞ்சின். இரண்டும் ஜி13 குடும்பம், இரண்டும் 1298 சிசி. காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எஸ்டீம் முன்சக்கர இயக்க வண்டி, எஞ்சின் அதில் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஜிப்சியில் நீளவாட்டில். எஸ்டீம் வயரிங்கைக் கொண்டுவந்து ஜிப்சியில் விரித்தால், ஒரு கிளை எட்டாது, இன்னொரு கிளை சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் தொங்கும். எட்டாத கம்பியைப் பாதியில் வெட்டி, வேறு கம்பி ஒட்டி, கருப்பு டேப் சுற்றுவதுதான் வழக்கமான வைத்தியம். பத்து கம்பிக்கு இருபது ஜாயின்ட். ஆறு மாதம் கழித்து, மழையில் மட்டும் வரும் மிஸ்ஃபயரைத் தேடி வாரக்கணக்கில் அலையும்போது அந்த டேப் அவிழும். எட்டாத கம்பியைக் கப்ளரிலிருந்தே பின்னோடு எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதிய கம்பியை ஈசிஎம் பின் முதல் சென்சார் பின் வரை ஒரே நீளமாக ஓட்டுவதே சரி. எம்பிஎஃப்ஐ ஜிப்சியின் சொந்த வயரிங்கே கிடைத்தால் இந்தப் பாடே இல்லை. எஸ்டீம் எஞ்சின் மலிவாகக் கிடைத்தாலும் ஜிப்சி செட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன்.

வயரிங்கைக் குறைக்கும் வேலையிலும் இதே ஒழுங்கு வேண்டும். ஏசி, பவர் விண்டோ, பின் விளக்கு எல்லாம் டோனர் வயரிங்கோடு பின்னிக்கொண்டுதான் வரும். கட்டிங் பிளேயரோடு உட்காருவதற்கு முன் சர்க்யூட் டயக்ராமும், ஒவ்வொரு பின்னும் எதற்கு என்ற பட்டியலும் கையில் இருக்க வேண்டும். வேண்டாத கம்பியை வெட்டாமல், டெர்மினலின் பூட்டை நெம்பிப் பின்னோடு உருவ வேண்டும். வேண்டாதது போலத் தோன்றி வேண்டியதாக இருப்பவை சில உண்டு. வண்டி வேக சென்சாரை விட்டுவிட்டால் எஞ்சின் ஓடும். ஆனால் செக் லைட் எரியும், சில வண்டிகளில் பிரேக் போட்டு நிற்கும்போது ஐட்லிங் விழும். சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்க வேண்டும். அந்த ரிலேயை ஆள்வது ஈசிஎம். ‘ஸ்விட்ச் போட்டால் பம்ப் ஓடட்டும்’ என்று நேரடியாக இணைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் பெட்ரோல் குழாய் அறுந்தால், எஞ்சின் நின்ற பிறகும் அந்தப் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

இம்மொபிலைசர் பெரிய பொறி. மாருதியின் பிற்கால வண்டிகளில் வந்த ஐ-கேட்ஸ் போன்ற ஏற்பாட்டில், சாவிக்குள் ஒரு சிப், சாவித்துவாரத்தைச் சுற்றி ஒரு காயில், ஈசிஎம்முக்குள் அதன் ரகசியம். மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இன்ஜெக்டர் வேலை செய்யும். எஞ்சின், ஈசிஎம், வயரிங் மூன்றையும் வாங்கிச் சாவியை விட்டுவிட்டால், கையில் இருப்பது ஊமை எஞ்சின். உக்கடம் பழைய சாமான் கடையானாலும் சென்னைப் புதுப்பேட்டையானாலும், இந்த வகை டோனரை எடுப்பதாக இருந்தால் சாவியும் அதே வண்டியின் சாவியா என்று கேட்டே ஆக வேண்டும்.

தனி ஈசியூ வழி கவர்ச்சியானது. 2001இல் அமெரிக்காவின் பௌலிங்கும் கிரிப்போவும் கொண்டுவந்த மெகாஸ்குவர்ட், அதற்குப் பின் ஆர்டுயினோ பலகையில் வந்த ஸ்பீடுயினோ, விலையுயர்ந்த பக்கத்தில் ஹால்டெக், மோடெக் என்று எத்தனையோ. இவற்றோடு வரும் வயரிங் பெரும்பாலும் ஒரு முனையில் மட்டும் கப்ளர் கொண்டது. மறுமுனை வெறும் கம்பி, நிறமும் பெயரும் அச்சிட்டிருக்கும். அந்த முனையில் சரியான கப்ளரை ஏற்றுவது நம் வேலை. இன்ஜெக்டர் ஓமை அளக்காமல் வாங்கக்கூடாது. 12 முதல் 16 ஓம் என்றால் நேரடியாக இணைக்கலாம். 2, 3 ஓம் வகை என்றால் ரெசிஸ்டர் இல்லாமல் ஈசியூவின் டிரைவர் எரிந்துபோகலாம். இதையெல்லாம் தாண்டிய பின்னும் மேப் எழுத வேண்டும். டைனோ வேண்டும், அனுபவமுள்ள ஆள் வேண்டும். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால்; பழைய 14.7க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்தை வைத்து எழுதிய மேப் இதற்கு வறண்டு ஓடும். எஸ்டேட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற ஜிப்சிக்கு இத்தனை தொந்தரவு எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. இரவு எட்டு மணிக்கு ஆனைமலை அடிவாரத்தில் நின்றுபோனால், கம்பெனி ஈசிஎம் உள்ள வண்டியை எந்த ஊர் மெக்கானிக்கும் தொட்டுப் பார்ப்பார். லேப்டாப் கேட்கிற வண்டியைத் தொட மாட்டார்.

பந்தயத் தளத்தின் கணக்கு வேறு. அங்கே மாணவர்கள் வயரிங்கை அடியிலிருந்து கட்டுவதற்கு ஆடம்பரம் காரணமில்லை, விதிப்புத்தகமே காரணம். இந்த மாணவர் போட்டிகளுக்கான ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகளின்படி, ஓட்டுநருக்கு முன்னும் இரு பக்கவாட்டிலும் உள்ள நிறுத்துப் பொத்தான்கள், மோதலில் அறுபடும் இனர்ஷியா ஸ்விட்ச், பிரேக் பெடல் எல்லை தாண்டினால் தட்டும் ஸ்விட்ச் எல்லாம் ஒரே சங்கிலியாக வர வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்தால் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்‌ஷன், இக்னிஷன் மூன்றுக்கும் கரண்ட் நிற்க வேண்டும். பம்புக்குத் தனி ரிலே, மற்றவற்றுக்குக் குறைந்தது இன்னொரு ரிலே. பைக்கோடு வந்த வயரிங்கில் இப்படியொரு சங்கிலி கிடையாது. எப்படியும் மெயின் ரிலேயைச் சுற்றி அதை உடைத்தாக வேண்டும் என்றால், புதிதாகவே கட்டிவிடலாம் என்ற முடிவு நியாயமானதுதான்.

பைக் எஞ்சினைக் காரில் வைப்பதில் ஒரு விசித்திரம். பைக் கீழே விழுந்தால் எஞ்சினை நிறுத்த ஒரு சாய்வு சென்சார் இருக்கிறது. வளைவில் பைக் சாய்வதால், புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்த மொத்த விசை எப்போதும் பைக்கின் நடுக்கோட்டிலேயே இறங்கும். சென்சார் சும்மா இருக்கும். கார் சாயாது. ஒரு ஜி பக்கவாட்டு விசையில் வளைந்தால், நிமிர்ந்து நிற்கும் வண்டியிலேயே சென்சாருக்கு 45 டிகிரி சாய்வு தெரியும். ஒன்றரை ஜி என்றால் 56 டிகிரி. மேடுபள்ளத்தில் ஒரு குலுக்கலும் சேர்ந்துகொண்டால், வண்டி விழுந்துவிட்டது என்று நினைத்து ஈசிஎம் வளைவின் நடுவிலேயே எஞ்சினை அணைத்துவிடலாம். பெட்ரோல் தீர்ந்ததா, பம்ப் சூடானதா என்று தேடினால் எதுவும் கிடைக்காது. பட்டறையில் நிற்கும்போது எஞ்சின் தங்கமாக ஓடும். சென்சாரைக் கழற்றி, நிமிர்ந்து நிற்பதாகச் சொல்லும் அளவுக்கு ஒரு ரெசிஸ்டரைக் கப்ளரில் வைத்துவிடுவது பழக்கமான தீர்வு. அது செய்து வந்த காவலை விதிப்புத்தகத்தின் இனர்ஷியா ஸ்விட்ச் ஏற்றுக்கொள்வதால் ஆபத்தில்லை. சாலை வண்டியில் இதே வேலையைச் செய்தால் ஆபத்து.

த்ராட்டில் விஷயத்திலும் இந்தக் கேடிஎம் எஞ்சினின் ஆண்டைப் பார்த்தாக வேண்டும். 2013இல் இந்தியாவுக்கு வந்த கேடிஎம் 390 ட்யூக்கில் த்ராட்டில் கேபிளில் இழுபடும். 2017 மாடலில் அது மின்சார த்ராட்டில் ஆனது. மாணவர் குழுக்களுக்கு முந்தையதே நிம்மதி. பெடலிலிருந்து கேபிள் இழுத்தால் முடிந்தது.

கட்டுகிறவர்கள் கம்பித் தேர்வில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வீட்டு ஒயரின் பிவிசி உறை சுமார் 70 டிகிரி வெப்பம் வரைக்கும்தான். வண்டிக்கென்று செய்யும் மெல்லுறைக் கம்பிகள் 105 டிகிரி தாங்கும். பந்தய வண்டிகளில் போடும் ராய்கெம் வகை 150 டிகிரி. கனத்தில் கணக்கு இன்னும் எளிது. பேட்டரிப் பக்கத்திலிருந்து டேங்கில் உள்ள பம்புக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 0.5 சதுர மிமீ கம்பி போட்டால் போகும் வழியிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகும். 1.5 சதுர மிமீ போட்டால் 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. பம்ப் 3 பார் அழுத்தம் தருகிறதா என்பது அந்த அரை வோல்ட்டிலும் இருக்கிறது. ஜாயின்ட்டுகளில் சோல்டரைவிட நல்ல டூலால் அழுத்திய கிரிம்ப் மேல். சோல்டர் கம்பியின் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வு கம்பியை உடைக்கும். ஆக்ஸிஜன் சென்சார் கம்பியில் சோல்டரே கூடாது. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை அந்தக் கம்பியின் உள்வழியாகவே இழுக்கின்றன. ஈயம் அடைத்தால் மூச்சு நின்றுவிடும்.

சட்டத்தை யாரும் வயரிங் பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் உற்பத்தியாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகவே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். செட்டிபாளையத்துத் தளத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. சாலைக்கு வரும் ஜிப்சிக்கு உண்டு. எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பதுதான் முறை. அனுமதி கிடைக்காது என்றால் எந்த வயரிங்கும் பொருந்தாது.

இனி வரும் ஆண்டுகளின் சிக்கல் டோனர்கள். பிஎஸ்-6 வண்டிகளில் ஈசிஎம் தனியாள் இல்லை. மீட்டர், ஏபிஎஸ், பாடி கன்ட்ரோல் எல்லாமே ‘கேன்’ என்ற தகவல் கம்பி வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேச வேண்டியவர்களில் ஒருவர் வராவிட்டால் எஞ்சின் கிளம்ப மறுக்கலாம், அல்லது நொண்டிக்கொண்டே ஓடலாம். அப்படிப்பட்ட எஞ்சினைப் பழைய வண்டியில் ஏற்றுவதென்றால் ஏறக்குறைய முழு வண்டியின் மின்சாரத்தையும் தூக்கிவைக்க வேண்டும், இல்லை தனி ஈசியூவுக்குப் போக வேண்டும். அதனால் இப்போதைக்கு மதிப்புள்ளவை 2000க்கும் 2010க்கும் இடையில் வந்த எளிய எம்பிஎஃப்ஐ செட்டுகள். அவையும் வேகமாகக் குறைகின்றன. வண்டியை உடைக்கும் இடத்தில் எஞ்சினும் கியர் பாக்ஸும் தனியாக விலைபோகும். வயரிங்கை மட்டும் செம்புக்காகக் கிலோ கணக்கில் அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஏற்றும் எண்ணம் இருப்பவர், டோனரைப் பார்த்த அன்றே கடைக்காரரிடம் வயரிங், ஈசிஎம், பெடல், சாவி நாலையும் அறுக்காமல் எடுத்துவைக்கச் சொல்லி முன்பணத்தை அதற்கே கொடுத்துவிட்டு வரட்டும்; எஞ்சினுக்கு விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.